தானாக எழுந்த கை

எதற்கும் மயங்காத தலை என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமைப்பட வேறெதுவும் அதிகம் இல்லாதவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் பெண்கள் வரிசையாக அருள் வந்து ஆடுவார்கள். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆனாலும் வேடிக்கை பார்க்கப் போவோம். தப்பு மேளம் அடிக்கிற அடியில் என் உடம்பும் குலுங்கும் என்று கூட்டாளிகள் காத்திருப்பார்கள். நான் கடலை தின்றுகொண்டு நிற்பேன். பதுளைக்குக் குடிவந்த பிறகு குணமாக்கும் ஜெபக்கூட்டங்களுக்குப் போனேன். போதகர் நெற்றியில் கை வைத்ததும் முன்வரிசை முழுவதும் சாய்ந்து விழும். பின்னால் தாங்கிப் பிடிக்க ஆட்கள் நிற்பார்கள். என் நெற்றியிலும் வைத்தார், கொஞ்சம் அழுத்திக்கூடப் பார்த்தார். நான் விழவில்லை. எனக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றவருக்கு என்மேல் கோபம். 'இந்தம்மாவுக்குக் கழுத்து கெட்டி' என்று அவர் முணுமுணுத்ததை வெகுகாலம் பாராட்டாகவே வைத்துக்கொண்டிருந்தேன்.

பதுளையில் ஒரு சின்ன கிளினிக்கில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். பெயருக்கு நம்பர் துண்டு கொடுக்கிறவள். உண்மையில் செய்வது மொழிபெயர்ப்பு. டாக்டர்மார் சிங்களத்தில் கேட்பார்கள். பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள். நடுவில் ஒரு ஸ்டூலில் நான். நர்ஸ் படிப்பு ஒன்றும் படிக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் என்னை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் திருத்துவதில்லை. முதுகுவலி, மூட்டுவலி, தூக்கம் இல்லை, மனசு சரியில்லை, எல்லாமே என் வாய் வழியாகத்தான் போகவேண்டும். 'எனக்கு நெஞ்செல்லாம் எரிகிறது டாக்டர்' என்று அவர்களுக்காக நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, சாயங்காலம் அறைக்குத் திரும்பும்போது எது அவர்கள் வலி, எது என் வலி என்று பிரித்துப் பார்க்கவும் தெம்பு இருக்காது. கட்டிலில் விழுவேன். தூக்கம் மட்டும் வராது.

சில வருஷங்களுக்கு முன், புதன்கிழமைகளில் மட்டும் வருகிற ஒரு மனநல டாக்டர் இருந்தார். முப்பது வயதைத் தாண்டியிருப்பார், சிங்களவர், மெதுவாகப் பேசுகிறவர். என்னை 'அக்கே' என்பார், சிங்களத்தில் அக்கா. நோயாளி சொல்வதை நான் சுருக்கினால் கண்டுபிடித்துவிடுவார். "அவர் இவ்வளவு நேரம் பேசினார், நீங்கள் ஒரு வரிதான் சொல்கிறீர்களே" என்று கேட்பார். எனக்கு அது எரிச்சலாகவும் இருக்கும், ஒரு மரியாதையாகவும் இருக்கும். அவர் பேச்சை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அந்த டாக்டரிடம்தான் லுணுகலைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. கொழுந்து பறிக்கிறவர். வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுத்தாயிற்று, நரம்பு பார்த்தாயிற்று, எலும்பு பார்த்தாயிற்று. எதிலும் குறை இல்லை.

"விடியக்காலை பெரட்டுக்குப் போகணும்னு எந்திரிச்சேன் மிஸ்ஸி. கை வரல," என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். அங்கே போய்த் தொங்குகிற கையோடு நின்றிருக்கிறார். கணக்கப்பிள்ளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்ல நடிப்பு என்றாராம்.

"விழுந்தீர்களா, யாராவது அடித்தார்களா, பெரிய துக்கம் ஏதாவது நடந்ததா" என்று டாக்டர் கேட்டவற்றையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில்தான். கடைசியில் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கை வந்தாலும் சரி, வராட்டியும் சரி மிஸ்ஸி. நான் நடிக்கலன்னு மட்டும் டாக்டர் ஐயாகிட்ட ஒரு கடுதாசி வாங்கிக் குடுங்க. கணக்கப்புள்ள சொல்றது கெடக்கட்டும். எம் மகனே நம்ப மாட்டேங்குறான். நான் தனியா இருக்கையில கதவுச் சந்துல நின்னு பாக்குறான், இந்தக் கையால ஏதாச்சும் தூக்குறேனான்னு."

இதை நான் சுருக்காமல் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு என்னிடம் விளக்கினார். இந்தக் கையில் பழுது இல்லை, ஆனால் இவர் மனசுக்கும் கைக்கும் நடுவே எங்கேயோ பேச்சு நின்றுபோயிருக்கிறது என்று தான் நினைப்பதாகச் சொன்னார். ஹிப்னாடிசம் செய்து பார்க்கலாம். அந்த நிலையில் கை இவர் முயற்சி இல்லாமல் தானாக எழுந்தால், தான் நினைக்கிற நோய்தான் என்று நம்பலாம். அப்படியானால் மூன்று மாதம் வாராவாரம் வரச்சொல்லி வைத்தியம் செய்யலாம். "கடிதமும் தருகிறேன், இது நோய், நடிப்பு இல்லை என்று தெளிவாக எழுதி," என்றார்.

ஹிப்னாடிசத்தை அந்த அக்காவுக்கு எப்படிச் சொல்வது? மனோவசியம் என்று சொன்னால் வசிய மருந்து, செய்வினை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விடுவார். "கண்ண மூடிக்கிட்டு டாக்டர் சொல்றதக் கேக்குற வைத்தியம்க்கா" என்றேன். "ஊசி இல்லீங்களே?" என்று கேட்டார். இல்லை என்றதும் தலையாட்டினார்.

அடுத்த புதன்கிழமை வந்தார். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தோம். நான் பக்கத்தில் ஸ்டூலில். டாக்டர் கால்மாட்டில் உட்கார்ந்து தாளில் குறித்துக்கொண்டே மெல்லச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். 'நீங்கள் கடற்கரையில் நடக்கிறீர்கள், மணல் இளம்சூடாக இருக்கிறது, அலை வந்து காலைத் தொடுகிறது.' அந்த அக்கா கண்ணைத் திறந்துவிட்டார்.

"நான் கடலு பாத்ததில்லீங்க மிஸ்ஸி."

டாக்டர் சிரித்தார். சரி, எந்த இடத்தில் இருந்தால் இவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த அக்கா யோசித்தார். கோயில் என்பார், பிறந்த வீடு என்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல," என்றார். "மகன் பொறந்தப்ப நாலு நாள் படுக்க வச்சிருந்தாங்க. வெள்ளைச் சீலை விரிச்ச கட்டிலு. என்னய யாருமே எழுப்பல."

அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். அவர் கடற்கரையை விட்டுவிட்டு அந்தக் கட்டிலை எடுத்துக்கொண்டார். வெள்ளைத் துணி விரித்த கட்டில். வெளியே மழை. வேலை எல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். கண் மூடியிருக்கலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

"ஒங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க. கைகாலெல்லாம் ஓய்வா கெடக்கு. யாரும் எழுப்ப மாட்டாங்க."

எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. டாக்டர் சொல்லிக்கொண்டேயிருந்தார், நான் சொல்லிக்கொண்டேயிருந்தேன். பிறகு, வலது கை லேசாகிறது, லேசாகி மேலே வருகிறது, நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், அது பாட்டுக்கு வரும் என்றார். அதையும் சொன்னேன். வெளியே பசறை பஸ் ஹாரன் அடித்தது எங்கேயோ தூரத்தில் கேட்டது. அந்த நேரத்தில் எனக்கு நம்பர் துண்டும் இல்லை, வரிசையும் இல்லை, வயதும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சுகமாக நான் எப்போது இருந்தேன் என்று நினைவில்லை.

"அக்கே," என்று டாக்டர் கூப்பிட்டார். குரலில் வித்தியாசம் இருந்தது. கண்ணைத் திறந்தேன். திறந்தபோதுதான் அது மூடியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அந்த அக்காவின் வலது கை மார்புக்கு மேலே, மணிக்கட்டு தளர்ந்து, அந்தரத்தில் நின்றது. அவர் கண்ணும் திறந்திருந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வலது கையும் அதே உயரத்தில் நின்றது.

நான் அதை உயர்த்தவில்லை. இதை இப்போது எழுதுவது சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு அது என் கை என்றே முதலில் எனக்குத் தோன்றவில்லை. யாரோ என் தோளில் ஒரு கையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"உங்கள் கை ஏன் மேலே இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டார். அவர் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். நிமிர்ந்தபோது இரண்டு கைகளும் மேலே நின்றிருக்கின்றன.

அப்போது என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "அவருக்குக் காட்டுவதற்காக நான்தான் உயர்த்தினேன் டாக்டர்." யோசிக்கவே இல்லை. வெட்கம். அவ்வளவுதான். திருவிழாவில் கடலை தின்றுகொண்டு நின்றவள், போதகருக்கே சாயாதவள், அத்தனை வருஷம் அந்த ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தவள், வேலை நேரத்தில் ஒரு நோயாளியின் மருந்தை நானே குடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஒரு பொய்யோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. டாக்டர் அடுத்ததைக் கேட்டார். "அப்படியென்றால் அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினாரா? கண்ணைத் திறந்து வைத்திருந்தாரா?" முதல் பொய் நிற்கவேண்டுமென்றால் இதற்கும் ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும். "ஆமாம் டாக்டர், அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்," என்றேன்.

டாக்டர் முகம் விழுந்துவிட்டது. அந்த அக்காவை இரண்டு மூன்று முறை கையைத் தூக்கச் சொன்னார். கை திரும்பவும் பழையபடி தொங்கியது. சற்று முன் தூக்கினாரே, இப்போது ஏன் முடியவில்லை என்று டாக்டர் நினைத்திருப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கண்ணும் காதும் நான்தான். கடிதம் எழுதினார். கையில் கோளாறு எதுவும் இல்லை, வேலை செய்வதற்குத் தடை இல்லை, மீண்டும் வரத் தேவையில்லை.

அதை அந்த அக்காவிடம் கொடுத்தவளும் நான்தான். "கை நல்லா இருக்குன்னு எழுதியிருக்காருக்கா," என்றேன். அவர் அதை இடது கையால் வாங்கி, வாயால் ஒரு முனையைப் பிடித்து நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "சரிங்க மிஸ்ஸி," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை சேர்ந்துகொண்டது. புதன்கிழமைகளில் டாக்டருக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும்போதெல்லாம், சும்மா கேட்கிற மாதிரி, இந்த ஹிப்னாடிசம் எப்படித்தான் வேலை செய்கிறது என்று கேட்பேன். அறிவுப்பசி ஒன்றும் இல்லை. எனக்கு வசதியான விளக்கம் ஒன்று கிடைக்காதா என்றுதான் தேடினேன்.

முதல் தடவை கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஹிப்னாடிசம் என்று தனியாக ஒரு நிலையே இல்லை என்று சிலர் சொல்கிறார்களாம். ஒரு டாக்டர் ஏதோ சொல்கிறார், நாற்காலி சாய்ந்திருக்கிறது, எல்லோரும் எதையோ எதிர்பார்க்கிறார்கள், அதனால் அந்த மனுஷர் எதிர்பார்க்கிறபடியே நடந்துகொள்கிறார். இதைக் கேட்டு என் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. ஜெபக்கூட்டத்தில் முன்வரிசை விழுவதும் இதுதானே. ஒருத்தர் விழுந்தால் அடுத்தவர் நிற்க முடியாது. ஆக அந்த அக்காவும் டாக்டர் சொன்னதற்காகத் தூக்கியிருக்கிறார், நானும் ஏதோ பழக்கத்தில் தூக்கியிருக்கிறேன். நான் சொன்னது அவ்வளவு பெரிய பொய் இல்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் தூங்கவில்லை. ஏனென்றால் டாக்டர் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒன்று சேர்த்துச் சொல்லியிருந்தார். "ஆனால் அதை நடிப்பு என்று சொல்ல முடியாது அக்கே. அப்படிச் செய்கிறவருக்கு, தான் செய்கிறோம் என்ற உணர்வே இருக்காது."

அடுத்த வாரம் வேறொரு விளக்கம் சொன்னார். மனசு இரண்டு பங்காகப் பிரிந்துகொள்கிறதாம். ஒரு பங்கு காரியத்தைச் செய்கிறது, மற்றப் பங்குக்குத் தகவல் போவதில்லை. இது எனக்குப் புதிதாக இல்லை. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். மலையில் நிரையில் நின்றுகொண்டு பக்கத்து நிரைக்காரியோடு யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் பேசுவார். கைகள் அது பாட்டுக்குப் பறித்துப் பின்னால் போட்டுக்கொண்டேயிருக்கும். கூடை நிறைந்ததும்தான், ஐயோ நிறைஞ்சிருச்சே என்பார். அந்த லுணுகலை அக்காவிடமும் இப்படித்தான் முப்பது வருஷம் கையை மனசிலிருந்து பிரித்து வேலை வாங்கியிருக்கிறார்கள். ஒருநாள் கை திரும்பி வராமல் இருந்துவிட்டால் அதில் என்ன ஆச்சரியம்? டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

இன்னொரு நாள் இப்படிச் சொன்னார். மூளை எப்போதும் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கிறது, கணிப்பு பலமாக இருந்தால் உடம்பு அதன் பின்னால் போய்விடுகிறது. கை எழாது என்று மூளை உறுதியாக நம்பிவிட்டால் எழாது. எழும் என்று அதை நம்பவைக்கும்படி ஒரு குரல் சொன்னால் எழும். நோய் வருகிற வழியும் மருந்து போகிற வழியும் ஒன்றுதான். எந்த விளக்கம் சரி என்று கேட்டேன். "உண்மையைச் சொன்னால், யாருக்கும் முழுசாகத் தெரியாது," என்றார். களைத்துப்போன ஆளுக்கு இன்னும் சுலபமாக வருமா என்று கேட்டேன். காவல்காரன் தூங்கிவிட்டால் வாசல் திறந்துதானே கிடக்கும் என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த லுணுகலை அம்மாவுக்குக் கை மட்டும் தானாக எழுந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன் அக்கே. சரியாக்கியிருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது. ஆனால் அவர் பார்த்துத்தானே தூக்கினார்."

அதுதான் சமயம். கோப்பையை எடுத்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள், இப்போது எப்படி, அடுத்த புதன் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த புதன்கிழமை அவர் வெளிநாடு போகிற செய்தியைச் சொன்னார். அந்த வருஷங்களில் டாக்டர்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கேக் வெட்டினோம், பெட்டிஸ் கொடுத்தோம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் அவரைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை என்று எழுதினால் அது மூன்றாவது பொய். தனியாகத்தான் நின்றார், ஐந்து நிமிஷம். எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் பின் வந்த டாக்டர் மாத்திரை மட்டும்தான் எழுதுவார்.

என் குற்றவுணர்ச்சி சும்மா இருக்கவில்லை, நானும் அதைச் சும்மா விடவில்லை. நம்பர் துண்டு கொடுக்கிற கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதவுச் சந்து ஞாபகம் வந்தது. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் கிளினிக் அட்டையிலிருந்த விலாசத்தை எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பசறை தாண்டி, லுணுகலையில் இறங்கி, தேயிலைக்கு நடுவே அரை மணி நேரம் ஏறவேண்டியிருந்தது. எனக்கு முழங்கால் வலி. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

அந்த அக்கா லயத்து வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இடது கையால் தேய்த்தார். வலது கை அப்படியேதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வாங்க மிஸ்ஸி, இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க? ஒக்காருங்க, ஒக்காருங்க."

தோட்டத்து வேலைக் கணக்கிலிருந்து பெயரை வெட்டிவிட்டார்கள் என்று சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றப் போனவரைத் தடுத்து உட்காரவைத்தேன். ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும், அடங்கினால் திரும்பவும் சொல்லமாட்டேன் என்று பயமாக இருந்தது.

"அன்னைக்கு நான் டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்க்கா."

"தெரியும் மிஸ்ஸி," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"லுணுகலைக் கடையில சிங்களத்துலதான சாமான் வாங்குறோம். அம்புட்டும் வெளங்காது, கொஞ்சம் வெளங்கும். எனக்குக் காட்டத்தான் தூக்குனதா சொன்னீங்க. நான் கண்ணு முழிக்கையில எங் கை மேல நின்னிச்சு. எனக்கே பயமாப் போச்சு. அதுக்கப்புறந்தான் ஒங்களப் பாத்தேன். நீங்க கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப ஏன்க்கா சொல்லல? அங்கேயே சொல்லியிருக்கலாமே. அந்தக் கடுதாசி ஒங்களுக்குக் கெடைச்சிருக்குமே."

அவர் சட்டியைத் திருப்பி வைத்தார்.

"ஒங்க மொகம் அப்ப நல்லா இருந்திச்சு மிஸ்ஸி. பாவம், எத்தனை நாளாத் தூங்கலியோன்னு நெனச்சேன். நான் வாயத் தொறந்து சொல்லப்போயி, டாக்டரு ஒங்களையும் நடிக்கிறீங்கன்னு சொல்லிட்டா? அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல."

நான் அழுதேன். அத்தனை வருஷம் எத்தனையோ பேருடைய கண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்து அழாதவள், அந்த வாசலில், பாத்திரங்களுக்கு நடுவே, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவர் தன் சேலைத் தலைப்பைக் கொடுத்தார். கடிதம் எழுதித்தர என்னால் முடியாது, என் கடிதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் ஒன்று செய்ய முடியும். மகன் எங்கே என்று கேட்டேன்.

மகன் கீழே ரோட்டில் த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆள் விட்டுக் கூப்பிட்டதும் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, கட்டில், டாக்டர் குரல். உன் அம்மாவின் கை தானாகத்தான் எழுந்தது, ஏனென்றால் என் கையும் அப்படியேதான் எழுந்தது, நானும் தூக்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நான்தான் பொய் சொன்னேன். உன் அம்மா ஒரு நாளும் நடிக்கவில்லை. டாக்டர் சொன்ன விளக்கங்களையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். பிரிந்துபோகிற மனசு, முன்கூட்டிக் கணிக்கிற மூளை எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் சந்தையில் மருந்து விற்கிறவன் குரலாகக் கேட்டது. அவன் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டான்.

நான் முடித்ததும் அவன் என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். யாரும் அதுவரை என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதில் கோபம் இல்லை, ஒரு சலிப்பு மட்டும் இருந்தது. பிறகு அம்மா பக்கம் திரும்பினான்.

"இவங்களுக்கும் நடிக்கச் சொல்லிக் குடுத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டான்.